பியானோவோடு தனியாகப் பாடியவர் பேண்ட் சேர்க்கும்போது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சில வருடங்களாகச் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, பியானோ மட்டும் வைத்துக்கொண்டு சென்னையில் கஃபேக்களிலும் சின்ன அரங்குகளிலும் பாடிவருகிறீர்கள். இப்போது கொஞ்சம் பெரிய அரங்கில் ஒரு முழு மாலை நிகழ்ச்சி அமைந்திருக்கிறது. ட்ரம்ஸ், பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்), கிட்டார் என்று மூன்று பேரைச் சேர்த்து இரண்டு ரிஹர்சலும் பார்த்துவிட்டீர்கள். மூவருமே நன்றாக வாசிப்பவர்கள். ஆனாலும் பாட்டு பெரிதாகிவிட்டதே தவிர உங்கள் பாட்டாக இல்லை, உங்கள் குரல் உங்களுக்கே கேட்கவில்லை, பாதிப் பாட்டில் நீங்கள்தான் அவர்களைத் துரத்திக்கொண்டு போகிறீர்கள். "நல்ல அரேஞ்சர் ஒருவரைப் பிடித்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தக் கருவி எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர்தான் அரேஞ்சர், அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது இது என்று எனக்குப் படுகிறது: இத்தனை நாள் இரண்டு கையும் ஒரு தொண்டையும் சேர்ந்து செய்த வேலையில் எதை யாரிடம் கொடுப்பது, எதை யாரிடமும் கொடுக்கக்கூடாது? நான் கீபோர்டு வாசிப்பவன். ஸ்டுடியோ, மேடை இரண்டிலும் பல வருடமாக இருக்கிறேன். உங்களைப் போலத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு பேண்ட் அமைத்துக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. உங்கள் பாட்டுகளை நான் கேட்டதில்லை, அதனால் எந்தப் பாட்டு பேண்டைத் தாங்கும், எது தாங்காது என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்து ஒன்றை நம்பிக்கையோடு சொல்வேன். கோளாறு அந்த மூன்று பேரிடம் இல்லை. தனியாகப் பாடும்போது வாசித்த அதே பியானோவை, ஒரு சுரம் குறைக்காமல், இப்போதும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தனியாக வாசிக்கும்போது உங்கள் இடது கைதான் பேஸ். அதுவேதான் பாதி ட்ரம்ஸும். வலது கை கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடிக்கிறது, இடையில் மெட்டுக்குப் பதில் சொல்கிறது. காலால் அழுத்தி ஒலியை நீட்டும் பெடல் இவற்றையெல்லாம் ஒட்டவைத்து, அறையின் வெறுமை தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த அமைப்பில் காலி இடமே கிடையாது. அதன்மேல் மூன்று பேரை ஏற்றினால் அவர்கள் நிற்பதற்கு இடமில்லை, அதனால் எல்லோரும் சத்தத்தைக் கூட்டுவார்கள். பேண்ட் சேர்ப்பதில் முதல் வேலை கழித்தல். கழிக்க வேண்டியது உங்கள் கையிலிருந்து.

இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, ஒலியின் இயல்பும் இப்படித்தான். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, அடுத்த மூன்றும் 55, 73, 98 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆக, உங்கள் இடது கை ஆக்டேவ் (ஒரு சுரத்தையும் அடுத்த ஸ்தாயியில் அதே சுரத்தையும் சேர்த்து) பிடிக்கும் இடமும் பேஸ் வாசிப்பவர் நடமாடும் இடமும் ஒன்றேதான். காலால் அடிக்கும் பெரிய ட்ரமான கிக் ட்ரமின் கனமும் அங்கேதான் விழுகிறது. இன்னொன்று, பியானோவின் தாழ்ந்த சுரங்களை ஸ்ருதி சேர்க்கும்போது கொஞ்சம் இழுத்துத்தான் சேர்ப்பார்கள், கனமான கம்பிகளின் தன்மை அப்படி. பேஸ் கிட்டார் அதே சுரத்தைத் தன் கணக்குப்படி மிகச் சரியாக வாசித்தாலும் இரண்டும் சேரும்போது ஒரு மெல்லிய அலைவு வரும். நல்ல சாம்பிள் உள்ள டிஜிட்டல் பியானோவிலும் இது உண்டு. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அலைவு என்றெல்லாம் தெரியாது. "ஏதோ கொழகொழ என்று இருந்தது, வரி புரியவில்லை" என்றுதான் சொல்வார்.

ஒரு உதாரணத்தை நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். ஐந்து கட்டையில், அதாவது ஜி மேஜரில், மெதுவாகப் போகிற ஒரு பாட்டு. பல்லவியின் கார்ட்கள் ஜி, டி, இ மைனர், சி என்று வைத்துக்கொள்வோம். தனியாக வாசிக்கும்போது இரண்டாவது கார்டுக்கு உங்கள் இடது கை டி-க்குப் போயிருக்காது. எஃப் ஷார்ப்பில் இறங்கியிருக்கும், ஏனென்றால் ஜி, எஃப் ஷார்ப், இ, சி என்று படிப்படியாக இறங்குவதுதான் அந்தப் பல்லவியின் சோகமே. உங்களுக்கு அது கையில் ஊறிப்போன விஷயம், அதனால் தாளில் வெறும் டி என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். பேஸ் வாசிப்பவர் தாளில் உள்ளபடி ஜி-யிலிருந்து டி-க்குத் தாவி, மறுபடி இ-க்கு ஏறுவார். நீங்கள் அதே நேரம் எஃப் ஷார்ப்பை அழுத்துவீர்கள். யாரும் தப்பாக வாசிக்கவில்லை, ஆனால் பாட்டின் முதுகெலும்பு போய்விட்டது. "என் பாட்டாக இல்லை" என்று உங்களுக்குத் தோன்றியதற்குப் பாதிக் காரணம் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கும். ஒவ்வொரு பாட்டிலும் இடது கையின் கடைசி விரல் எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று பார்த்து, கார்டுக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு அதை எழுதுங்கள். டி பை எஃப் ஷார்ப் என்று எழுதிவிட்டால் எந்த பேஸ் வாசிப்பவருக்கும் புரியும்.

எழுதிக் கொடுத்த பிறகு, அந்தச் சுரத்தை நீங்கள் வாசிக்கக்கூடாது. கஷ்டமான பகுதி இதுதான், ஏனென்றால் கை கேட்காது. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் வலது கையால் மட்டும் வாசித்துப் பாடிப் பழகுங்கள். வலது கையையும் நடு சி-யை ஒட்டியோ அதற்கு மேலேயோ வைத்து, மூன்று சுரம் போதும் என்று இருங்கள். கார்டின் மூல சுரத்தை பேஸ் சொல்லிவிடுவதால் அதையும் விட்டுவிடலாம். பத்து விரலால் பிடித்த கார்டை மூன்று விரலால் பிடிக்கும்போது முதலில் மொட்டையாகத்தான் தெரியும். அதை பேண்டோடு பதிவு செய்து, நாளைக்குக் கேளுங்கள். வரிகள் திடீரென்று முன்னால் வந்து நிற்கும்.

பெடலையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். தனியாக வாசிப்பவர்கள் பெடலைப் பெரும்பாலும் நிரப்புவதற்காக அழுத்துகிறார்கள். ட்ரம்ஸில் உலோகத் தட்டான சிம்பலின் ஒலி நீண்டுகொண்டிருக்கும்போது உங்கள் பெடலும் சேர்ந்தால், கார்ட் மாறுவதே கேட்காமல் போகும். ஒரு ரிஹர்சல் முழுக்கப் பெடலைக் கழற்றி வைத்துவிடுங்கள். எங்கே இல்லாமல் முடியவே முடியாதோ அங்கே மட்டும் திரும்பச் சேருங்கள்.

அப்புறம் யாரை எந்த வரிசையில் சேர்ப்பது என்பது. நீங்கள் மூவரையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டீர்கள். நானாக இருந்தால் முதல் சில ரிஹர்சல்களுக்கு பேஸும் ட்ரம்ஸும் மட்டும்தான். பியானோ நிறைந்திருக்கும் நடுப்பகுதியில்தான் கிட்டாரும் இருக்கிறது. இரண்டு பேரும் கார்ட் வாசித்தால் ஒருவர் வீண். கிட்டார் இல்லாமலே பியானோக்காரர்கள் மேடையை ஆண்டதற்கு உதாரணம் உண்டு. இங்கிலாந்துப் பாடகர் எல்டன் ஜான் 1970 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் ட்ரூபடோர் என்ற சின்ன கிளப்பில் பாடியபோது கூட இருந்தவர்கள் இரண்டே பேர்: பேஸில் டீ மர்ரே, ட்ரம்ஸில் நைஜல் ஓல்ஸன். அப்போது வெளிவந்திருந்த அவரது ஆல்பத்தில் பெரிய ஆர்கெஸ்ட்ரா இசை உண்டு, மேடைக்கு அது எதுவும் வரவில்லை. அமெரிக்காவில் அவர் பெயர் பரவியது அந்த மூவரின் சத்தத்தால்தான். கிட்டார் வாசித்த டேவி ஜான்ஸ்டன் நிரந்தரமாகச் சேர்ந்தது 1972 வாக்கில். பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ் என்ற பேண்டின் பெயரில் ஐந்து இருந்தாலும் ஆட்கள் மூன்றே பேர், கிட்டார் கிடையாது. பேஸையே ஃபஸ் போட்டுக் கரகரப்பாக்கி கிட்டாரின் இடத்தை நிரப்பினார்கள். உங்கள் கிட்டார் நண்பரை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவருக்குக் கார்ட் தாளுக்குப் பதிலாக வேறு வேலை கொடுங்கள். பியானோ பேசாத இடத்தில் ஒரு வரி, உயரத்தில் நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரம், இரண்டாவது இடையிசை, இப்படி. அவர் கார்ட் அடித்தே ஆக வேண்டிய பாட்டில் நீங்கள் கையை எடுத்துவிடுங்கள்.

கையை எடுப்பது பற்றி இன்னொன்று. ஒவ்வொரு பாட்டையும் ஒரு முறை பியானோவே இல்லாமல் பாடிப் பாருங்கள். எழுந்து நின்று மைக்கைப் பிடித்துப் பாடுங்கள், அவர்கள் மூவரும் வாசிக்கட்டும். பாட்டு விழாமல் நின்றால் பியானோவை எவ்வளவு குறைவாக வைத்துக்கொள்ளலாம் என்பது தெரிந்துவிடும். விழுந்தால் எந்த இடத்தில் விழுகிறதோ அங்கேதான் உங்கள் கைக்கு உண்மையான வேலை.

அடுத்தது காலப்பிரமாணம். நீங்கள் துரத்துவதாகச் சொன்னது இதைத்தான். தனியாகப் பாடுபவர் யாருமே ஒரே வேகத்தில் பாடுவதில்லை, அது குறையும் இல்லை. பழைய தனி நிகழ்ச்சி ஒன்றின் பதிவை எடுத்து, போனில் டேப் டெம்போ ஆப் ஒன்றில் தட்டிக்கொண்டே கேளுங்கள். சரணம் நிமிடத்துக்கு 70 அடியில் போய், பல்லவி திரும்பும்போது 76-க்கு ஏறியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒவ்வொரு பகுதியின் எண்ணையும் தாளில் குறித்துக்கொண்டு, எந்த ஏற்றம் பாட்டுக்காக வந்தது, எது பதற்றத்தில் வந்தது என்று பிரியுங்கள். முதல் வகையை ட்ரம்மரிடம் சொல்லி அவரையும் ஏறச் சொல்லலாம். இரண்டாவது வகை போக வேண்டும்.

கிளிக், அதாவது காதில் சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோம் ஒலி, வைத்து வாசிப்பதா வேண்டாமா என்பதில் வாசிப்பவர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. நம் ஊரில் ரெக்கார்டிங் வாசித்துப் பழகியவர்களுக்குக் கிளிக் இல்லாமல் வாசிப்பதுதான் வித்தியாசமாக இருக்கும். முன்பே பதிவு செய்த ட்ராக் எதையாவது மேடையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கிளிக் கட்டாயம், வேறு வழியில்லை. அப்படி ஒன்றும் இல்லையென்றால் உங்கள் முதல் பேண்ட் நிகழ்ச்சிக்குக் கிளிக் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ட்ரம்மர் மட்டும் மெட்ரோனோமின் விளக்கைப் பார்த்து ஆரம்ப வேகத்தை எடுத்து நான்கு எண்ணட்டும், அதற்கப்புறம் உங்கள் மூச்சைக் கேட்டு வாசிக்கட்டும். இதற்கு ட்ரம்மர் உங்களைப் பார்க்க வேண்டும், வரிகளைத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் தெரியாத ட்ரம்மராக இருந்தால் எந்தச் சொல்லில் அடி விழுகிறது என்பதை அவர் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேகத்தை விட எண்ணிக்கை பெரிய தொல்லை. வரி முடிந்ததும் மூச்சு வாங்க இரண்டு அடி கூட நிற்பது, அடுத்த முறை மூன்று அடி நிற்பது, இதெல்லாம் தனியாக வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. பேண்டில் நான்கு பேர் நான்கு இடத்தில் இறங்குவார்கள். உங்கள் பதிவைக் கேட்டுக்கொண்டே ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணி, ஒவ்வொரு வரிக்கும் எத்தனை பார், அதாவது தாளச் சுற்று, என்று எழுதிவிடுங்கள். கணக்கில் வராத இடங்கள் அகப்படும். அவற்றையெல்லாம் நான்கு நான்காகச் சமப்படுத்திவிடாதீர்கள், பெரும்பாலானோர் இங்கேதான் பாட்டின் உயிரை எடுத்துவிடுகிறார்கள். வரியின் கடைசிச் சொல் நெடிலில் முடிந்து, அந்த நெடில் நின்று ஒலிக்கத்தான் அந்த இரண்டு அடி என்றால் அது பாட்டின் சொத்து. இரண்டு அடி கொண்ட ஒரு பாராக எழுதி எல்லோரையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அடுத்த கார்டைத் தேடிக் கை போகும் நேரம்தான் அது என்றால் வெட்டிவிடுங்கள்.

இப்போது குரல். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார். லோம்பார்ட் விளைவு என்று இதற்குப் பெயர், கட்டுப்படுத்த நினைத்தாலும் முழுதாகக் கட்டுப்படாது. தனியாகப் பாடும்போது மெல்ல எடுத்த உச்ச சுரத்தை ட்ரம்ஸோடு பாடும்போது தொண்டையை இறுக்கி எடுப்பீர்கள். அதனால் பாட்டுகளின் கட்டையை, அதாவது ஸ்ருதியை, திரும்பப் பார்க்க வேண்டும். ரிஹர்சலின் ஆரம்பத்தில் தேறுகிற கட்டை கணக்கில் சேராது, மூன்று மணி நேரம் பாடி முடித்த பிறகு அதே பாட்டின் உச்சம் சுகமாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அரைக் கட்டை இறக்குங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. கிட்டார்காரர் கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) வைத்து வேறு வடிவத்தில் பிடித்துக்கொள்வார், பேஸுக்குக் கஷ்டம் இல்லை. கஷ்டம் உங்கள் கைக்குத்தான். கீபோர்டே கட்டையை மாற்றித் தரும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தித் தப்பிக்காமல் புதிய கட்டையிலேயே வாசித்துப் பழகுங்கள். மேடையில் ஒரு பாட்டுக்கு அழுத்தி, அடுத்ததற்கு எடுக்க மறந்தால் நான்கு பேருக்கும் வம்பு. தொண்டைக் கரகரப்பு சில வாரங்கள் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

காதையும் கவனியுங்கள். வேலை செய்யும் இடத்துச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். ஜாம் ரூம் என்கிற சின்ன ரிஹர்சல் அறையில் ட்ரம்ஸ் முழு வீச்சில் போனால் அந்த 100-ஐத் தொடுவது சர்வசாதாரணம். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கிற காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, மைக் இல்லாமல் நீங்கள் பாடினால் மற்றவர்களுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து ஒரு ரிஹர்சலாவது வைத்துக்கொள்வது. ட்ரம்மர் குச்சிக்குப் பதிலாகச் சத்தம் குறைவாகத் தரும் பிரஷ்ஷோ ராட்ஸோ எடுக்கட்டும். அந்தச் சத்தத்தில் நன்றாக இருக்கிற அமைப்பு அரங்கின் ஒலிபெருக்கியிலும் நன்றாக இருக்கும். சத்தம் கூடினால்தான் எடுபடுகிற அமைப்பை நம்ப முடியாது.

மேடை அமைப்பில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றது சவுண்ட் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். ட்ரம்ஸை உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் போடவிடாதீர்கள். நீங்கள் பாடும் மைக்கின் வாய் உங்களை நோக்கி, அதாவது உங்களுக்குப் பின்னால் இருப்பதையும் நோக்கித்தான் திரும்பியிருக்கிறது, ட்ரம்ஸ் முழுக்க அதில் ஏறும். பக்கவாட்டில் போட்டால் மைக்கில் ஏறுவதும் குறையும், ட்ரம்மரும் உங்கள் முகத்தைப் பார்க்கலாம். உங்கள் இரண்டு கையும் கட்டைகளில் இருப்பதால் தலையசைப்பும் மூச்சும்தான் சைகை, அது அவர் கண்ணில் பட வேண்டும். இரண்டாவது, அரங்கின் ஒலிபெருக்கி மோனோவில், அதாவது இடது வலது என்று பிரியாமல் ஒரே ஒலியாக, ஓடுகிறதா என்று முன்பே கேளுங்கள். ஓடினால் கீபோர்டின் இடது, மோனோ என்று எழுதியிருக்கும் வாயில் மட்டும் ஒயரைச் செருகுங்கள். ஸ்டீரியோ பியானோ ஒலியின் இரண்டு பக்கத்தையும் மிக்ஸரில் போட்டு ஒன்றாக்கினால் சில சுரங்கள் ஒன்றையொன்று தின்று பியானோ மெலிந்து கேட்கும். உங்கள் மானிட்டரில், அதாவது நீங்கள் கேட்பதற்கான மேடை ஒலிபெருக்கியில், குரல் முதலில், அப்புறம் பியானோ, அப்புறம் கொஞ்சம் கிக்கும் ஹை-ஹாட்டும் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்). கிட்டார் அதில் தேவையே இல்லை, மேடையிலேயே கேட்கும்.

வாசிப்பவர்களிடம் பேசும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம் ஃபீல் வேண்டும்" என்று சொன்னால் நல்ல கலைஞர்கூட என்ன செய்வதென்று தெரியாமல் ஏதாவது கூட்டுவார். இடத்தையும் செயலையும் சொல்லுங்கள். "இரண்டாவது சரணத்தில் சிம்பல் வேண்டாம், ஹை-ஹாட் மூடியே இருக்கட்டும்", "பல்லவி திரும்பும்போது பேஸ் முதல் இரண்டு பார் மௌனம்." வார்த்தை வராவிட்டால் வாயால் தாளத்தைச் சொல்லுங்கள், பாடிக் காட்டுங்கள். நாம் சொற்கட்டு சொல்லி வளர்ந்த ஊர்க்காரர்கள், ட்ரம்மர்கள் அதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ரிஹர்சலுக்குச் சில நாள் முன்பே ஒவ்வொரு பாட்டின் பதிவையும் பார் எண்ணிக்கை எழுதிய தாளையும் அனுப்பிவிட்டால், ஜாம் ரூம் வாடகை கொடுக்கும் நேரத்தைக் கற்றுக்கொடுப்பதில் செலவழிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தைப் பாட்டின் ஆரம்பம், முடிவு, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடம் இவற்றில் செலவழியுங்கள். நடுப்பகுதி எப்படியும் ஓடிவிடும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சந்தேகமில்லாதது. இனி வருவது அப்படியில்லை. எல்லாப் பாட்டுக்கும் பேண்ட் வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எது வேண்டாம் என்பதைப் பாட்டை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும், விதி கிடையாது. அதேபோல முதல் சரணம் பியானோ மட்டும், இரண்டாவதில் பேஸ், பல்லவியில் ட்ரம்ஸ் என்று அடுக்குவது நன்றாகத்தான் வேலை செய்யும். ஐந்து பாட்டை அதே மாதிரி அடுக்கினால் ஆறாவதில் என்ன வரும் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஒன்றிரண்டை ட்ரம்ஸில் ஆரம்பித்துப் பாருங்கள், ஒன்றை உச்சத்தில் இருக்கும்போது எல்லோரும் நிறுத்திப் பியானோ மட்டும் மிஞ்சும்படி செய்து பாருங்கள். சரியா தப்பா என்பது ரிஹர்சல் பதிவைக் கேட்டால்தான் தெரியும்.

உங்களைப் பழையபடி கேட்டு ரசித்தவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற பயம் உங்கள் கேள்வியில் கொஞ்சம் தெரிகிறது. சிலர் சுளிக்கலாம். ஆனால் இது ஒருவழிப் பாதை இல்லை. அமெரிக்கப் பாடகி டோரி ஏமஸ் 1992ல் தன் முதல் தனி ஆல்பம் வந்தபோது பியானோவோடு தனியாகத்தான் ஊர் ஊராகப் பாடினார். ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் என்று முழு பேண்டோடு சுற்றுப்பயணம் போனது 1998ல். அந்த வருட ஆல்பத்துக்கு ட்ரம்மர் மாட் சேம்பர்லெய்னோடு சேர்ந்து வாசித்தே பதிவு செய்தார், பியானோவையும் குரலையும் முதலில் முடித்துவிட்டுப் பிறகு மற்றதைச் சுற்றிலும் கட்டும் பழைய முறையை விட்டுவிட்டார். ஆனால் 2001ல் மறுபடி தனியாகவே பயணம் போனார். அவர் பயணத்திலிருந்து எனக்குப் படுவது, பேண்டோடு வாசிக்கும் பியானோவும் தனிப் பியானோவும் இரண்டு தனித்தனி வேலைகள், ஒருவரே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது. பணக் கணக்கும் அதையே சொல்கிறது. கஃபே கொடுக்கிற தொகையை நான்கு பேர் பிரித்தால் யாருக்கும் கட்டாது. அங்கே தனியாகவோ பேஸ் மட்டும் வைத்தோ பாடுங்கள், முழு பேண்டை அரங்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிஹர்சலுக்கும் சேர்த்துச் சம்பளம் பேசிவிடுங்கள், நட்புக்காக வருகிறேன் என்பவரிடமும்.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வரியும் மெட்டும் உங்களுடையது என்றால், மேடையில் கூட வாசித்தார் என்பதற்காக மட்டும் ஒருவர் இணை இசையமைப்பாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் 1957ஆம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் அதில் 2012ல் வந்த திருத்தமும் வாசிப்பவர்களுக்குக் கலைஞர் உரிமை என்று தனியாக ஒன்றைக் கொடுக்கின்றன. நிகழ்ச்சியைப் பதிவு செய்து வெளியிடும் எண்ணம் இருந்தால் மூவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சிக்கலான இடம், ரிஹர்சலில் பேஸ்காரர் போட்ட ஒரு துணுக்கே பாட்டின் அடையாளமாகிவிடுவது. அவருக்கு இசையமைப்பில் பங்கு உண்டா என்பது வாதத்துக்குரியது. நான் வக்கீல் இல்லை. பாட்டு யாருக்கும் பணம் தராத இப்போதே உட்கார்ந்து பேசி, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டுகளை இன்னும் ஐபிஆர்எஸ்ஸில் (பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பு) பதிவு செய்யவில்லையென்றால் நிகழ்ச்சிக்கு முன் அதையும் முடித்துவிடுங்கள்.

அரேஞ்சர் வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். வயலின்கள், புல்லாங்குழல் என்று எழுதி வாசிக்கிற கருவிகள் வரும்போது அவர் அவசியம். இன்று வந்தால் உங்கள் கையிலிருந்து என்ன போக வேண்டும் என்பதை உங்களுக்குப் பதிலாக அவர் முடிவு செய்வார், அந்த முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும். அந்த மாலைக்கு என் யோசனை இது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று பாட்டு நீங்கள் மட்டும், அதில் பழைய ரசிகர்கள் கேட்டே ஆகவேண்டும் என்று நினைப்பது ஒன்று. பிறகு பேஸும் ட்ரம்ஸும். பாதிக்கு மேல்தான் கிட்டார். கடைசிப் பாட்டு தனியாகவா எல்லோருமாகவா என்பதை மூன்றாவது ரிஹர்சலுக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். அந்த ரிஹர்சலின் போன் பதிவையும், பேஸ் வாசிப்பவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த தாளையும் எனக்கு அனுப்பினால், இடது கை இன்னும் எங்கெங்கே மோதுகிறது என்று பாட்டு வாரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.